குழந்தைகள்: இல்லை

ஜூன் 3, திங்கள்

பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரித்தேன். என் மகள் இன்று எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை.

காலை ஏழரைக்குத் தன்ஷிகாவை லோகாக்கா வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். பின் சந்தில் ஒன்றரை அறை வீடு, அதில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் எட்டேகாலுக்குக் கூப்பிடப் போனேன். "யாரு வந்திருக்கா பாரு சாமி" என்றாள் அக்கா. குழந்தை என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "டாட்டா!" என்றது. நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. இரண்டு கையையும் நீட்டி மறுபடியும், "டாட்டா!"

லோகாக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெடிஞ்சா டாட்டான்னு சொல்லிப்போட்டு ஓடற ஆளு நீதான அம்மிணி? அதான் உம்பேருன்னு நெனச்சுக்கிச்சு."

அக்காவை "ம்மா" என்கிறாள். ஒரு வயது ஒன்பது மாதக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதினால் பொய். துவைக்க இரண்டு வாளித் துணி இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

டைரியில் உண்மையை எழுத வேண்டுமாம். சரி, ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறேன்.

திருப்பூரில் நான் ஏறி இறங்கிய முதல் பனியன் கம்பெனியில், "கொழந்த சின்னதுங்களா? கொஞ்சம் பெருசானதுக்கப்பறம் வாங்கொ" என்றார்கள். இரண்டாவதில், "யாரு பாத்துக்குவாங்க? மாமியார் கூட இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மாமியார் தாராபுரத்தில் பெரிய மகனோடு இருக்கிறார் என்றேன். போன் பண்ணுவதாகச் சொன்னார்கள். இன்னும் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவது கம்பெனி இது. ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. குழந்தைகள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். பெற்ற வயிறு பற்றியெரியும் என்பார்கள். எனக்கு அன்று ஒன்றும் எரியவில்லை. பத்து மாதம் ஆகிறது.

ஜூன் 5, புதன்

ஓவர்டைம். தன்ஷி தூங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு என் பெயர்கூடக் காதில் விழவில்லை.

ஜூன் 8, சனி

எங்கள் பி லைனில் எனக்குப் பக்கத்து மிஷின் ஜெயசுதா. ஆத்தூர்க்காரி, ஹாஸ்டலில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லையாம். கேண்டீனில் தனக்கென்று ஒரு ரூபாய் செலவு செய்ததில்லை. எங்கே சேர்த்துவைக்கிறாள் என்று கேட்டால் முறைக்கிறாள். இன்று டீ இடைவேளையில் குட்டி வளையல் ஒரு டஜன் வாங்கி வந்தாள். "எங்க அக்கா மகளுக்குடி" என்றாள். போன மாதம் இதே அக்கா மகளுக்குக் கவுன். கொடுத்துவைத்த அக்கா.

ஏ லைன் ரம்யா வேலையை விட்டு நின்றுவிட்டாள். நின்றுவிட்டாள் என்பது கம்பெனியின் பாஷை. முழுகாமல் இருக்கிறேன் என்று திங்கட்கிழமை சொன்னாள். அன்றைக்கே நின்றுகொண்டே செய்யும் பேக்கிங் வேலைக்கு அவளை மாற்றினார்கள். இன்று அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டிய செலவு மிச்சம். சட்டம் பெண்களுக்கு எவ்வளவோ செய்கிறது. அதனாலேயே நம்மைக் கண்டால் இவர்களுக்கு ஆகமாட்டேன் என்கிறது.

மாதக் கடைசியில் எட்டுப் பேருக்கு நிரந்தர ஆர்டர் கொடுக்கப் போகிறார்களாம். சூப்பர்வைசர் மயில்சாமி அண்ணன் காதில் போட்டார்: "உன்ற பேரும் இருக்குது. வாயப் பொத்தீட்டு வேலையப் பாரு." எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

லீவு. நாள் முழுக்கத் தன்ஷி என்னோடு. பதினொரு மணியிலிருந்து கதவைக் காட்டி "ம்மா, ம்மா" என்று அழுதாள். லோகாக்காவிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு சாப்பிட்டாள்.

ஜூன் 12, புதன்

ஆடிட் வருகிறது. வெளிநாட்டில் நம் பனியனை வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 20ஆம் தேதி வியாழன். இந்த ஆடிட்டில் தேறினால்தான் மாதக் கடைசிக் கப்பலில் சரக்கு ஏறும்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை உண்டு. கதவில் யானை, முயல் எல்லாம் வரைந்து, "குழந்தைகள் காப்பகம்" என்று எழுதியிருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் இருந்தே ஆக வேண்டுமாம். நாங்கள் முந்நூறு பேர். உள்ளே நூல்கோன் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒருத்தி அங்கே குழந்தையை விடலாமா என்று கேட்டிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா, தடுப்பூசி அட்டை கொண்டு வா, ஆயா லீவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அடுத்து அவளை நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

இன்று பெட்டிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஜூன் 14, வெள்ளி

ஹெச்.ஆர். பிரவீணா மேடம் கூப்பிட்டனுப்பினார். மோப்பம் பிடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படி இல்லை.

"வனிதாமணி, நீங்க தெளிவாப் பேசறீங்க. ஆடிட்டர் வரும்போது காப்பகத்து வாசல்ல நீங்க நிக்கணும். எத்தனை குழந்தைங்க வர்றாங்க, என்ன சாப்பாடு, எல்லாம் நீங்கதான் சொல்றீங்க. நல்லாப் பண்ணினா உங்க ஆர்டர் என் பொறுப்பு."

"நானுங்களா மேடம்? கொழந்த வெச்சிருக்கறவங்க யாராச்சும்..."

"அவங்க வேண்டாம். பேச ஆரம்பிச்சா சொந்தக் கதை வந்துரும். உங்களுக்குத்தான் குழந்தை இல்லையே. பிசிறில்லாம வரும்."

ஒரு தாள் கொடுத்தார். கேள்வியும் பதிலும். "தாய்மார்கள் ஒரு நாளில் நான்கு முறை வந்து குழந்தையைப் பார்க்கலாம்." இது சட்டத்திலேயே இருக்கிறதாம். இரண்டு தடவை படித்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள் நான்.

குழந்தைகளுக்கு எங்கே போவார்கள் என்று மயில்சாமி அண்ணனைக் கேட்டேன். "அதெல்லாம் வேன்ல வரும்" என்றார், நூல் வருவதுபோல.

ஜூன் 17, திங்கள்

தன்ஷிக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்தது. லீவு கேட்க வேண்டும், என்ன சொல்லிக் கேட்பது? குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல எனக்குத்தான் குழந்தை இல்லையே. எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். "ஆடிட் வாரத்துல வயிறுமில்ல போக்குமில்ல" என்றார் மயில்சாமி அண்ணன்.

மருந்தை லோகாக்காவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். பாத்ரூமுக்குள் போய் நாலு தடவை போன் செய்தேன். மூன்று தடவை அக்கா எடுத்தாள். எடுக்காத அந்த ஒரு தடவைக்கு அப்புறம் தைத்த இருபது பீஸும் கோணல். பிரித்துத் தைத்தேன்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது. லோகாக்கா என்னைவிட நிம்மதியாக இருந்தாள். "அப்பாடா, வெசாளக்கெழமைக்குள்ள தேறிக்கும்" என்றாள். வியாழக்கிழமை என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 19, புதன்

காப்பகத்தைப் பார்த்தால் கண் பட்டுவிடும். பச்சை விரிப்பு, தொட்டில் இரண்டு, குட்டி நாற்காலிகள், பிளாஸ்டிக் ஊஞ்சல். நூல் வாசனை போக ஊதுபத்தி வைத்திருக்கிறார்கள். மேடத்தின் முன்னால் ஒத்திகை பார்த்தேன். "பிரமாதம்" என்றார்.

லோகாக்கா கேட்டாள்: "தன்ஷிக்கு அந்த வெள்ளக் கவுனு இருக்குதுல்ல, அதப் போட்டு உடு நாளைக்கு. புள்ளைகளையெல்லாம் ஒரு எடத்துக்குக் கூட்டீட்டுப் போறேன். பிஸ்கட்டு, பாலு எல்லாம் தருவாங்களாம்." ஏதாவது கோயிலாக இருக்கும். இல்லாவிட்டால் சொட்டு மருந்து. வண்டியில் பத்திரமாகக் கூட்டிப்போகச் சொன்னேன். கவுனை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

ஆடிட் முடிந்தது. நன்றாக நடந்தது. மதியத்துக்கு மேல் நூற்றுத் தொண்ணூறு பீஸ்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று எழுதியது போதாது.

பத்தரை மணிக்கு நான் காப்பகத்து வாசலில் முதுகை உள்பக்கம் காட்டி நின்றிருந்தேன். வேனில் வந்த குழந்தைகளைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியது மறந்துவிடும் என்று பயம். பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டரம்மா நல்ல மாதிரி, கன்னடம் கலந்த தமிழ். பக்கத்தில் பிரவீணா மேடம்.

"தினமும் பதினாலு கொழந்தைங்க வர்றாங்க மேடம். காலைல பாலு, மத்தியானம் பருப்பு சாதம்..." என்று ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே அவர்களோடு உள்ளே திரும்பினேன்.

பச்சை விரிப்பில் வெள்ளைக் கவுனோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் பிஸ்கட். பக்கத்தில் ஆயா புடவையில் லோகாக்கா. அக்கா என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள்.

தன்ஷி பிஸ்கட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். "டாட்டா! டாட்டா!" இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள்.

ஆடிட்டரம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ஐயோ, டாட்டாவா? நா இன்னும் ஹோகில்ல, போகலே கண்ணா!" என்று கையை ஆட்டினார். பிரவீணா மேடமும் சிரித்துக்கொண்டே ஆட்டினார். இரண்டு பேரும் குனிந்து என் குழந்தைக்கு டாட்டா சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கூப்பிட்டது என்னை. அது என் பெயர் என்று அந்த அறையில் எனக்கும் லோகாக்காவுக்கும்தான் தெரியும்.

அவள் "அம்மா" என்று கூப்பிட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கூப்பிடவில்லை. தப்பித்தேன்.

என் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆடிட்டரம்மா கேட்டார்: "இது யார் பாப்பா? அம்மா எந்த லைன்?"

வாயைத் திறந்தேன். "ஏ லைனுங்க மேடம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தாளில் இருந்த மீதியையும் ஒப்பித்தேன்: "அம்மாமாருங்க ஒரு நாளைக்கு நாலு தடவ வந்து பாத்துக்கலாமுங்க." பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் காலிலிருந்து பிரித்தேன். அவள் வீறிட்டு அழுதாள். லோகாக்கா வந்து தூக்கிக்கொண்டதும் "ம்மா" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் பாவி. இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

நேற்று சாயங்காலம் லோகாக்காவோடு சண்டை. என்னைக் கேட்காமல் எப்படிக் கூட்டிப்போனாய் என்று கத்தினேன். "வேன்காரன் எந்தக் கம்பெனின்னு சொன்னானா? கேட்டுல எறங்கறப்பதான் பேரையே பாத்தேன்" என்றாள். "எனக்கும் நாலு காசு வருது, புள்ளைகளுக்கும் பாலு கெடைக்குதுன்னு போனேன். உன்னைக் கண்டதும் பக்குன்னு ஆச்சு. நீ வாயத் தொறக்கல, சேரின்னு நானும் தொறக்கல. பெத்தவ நீயே தொறக்கலியே அம்மிணி."

இனிமேல் அவளிடம் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை மறுபடியும் அங்கேதான் விட்டேன். வேறு எங்கே விடுவது?

கம்பெனியில் காப்பகம் காலி. நூல்கோன் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

ஜூன் 22, சனி

மதியம் நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டினார்கள். ஆடிட்டரம்மா தன்ஷியைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். கீழே பெரிய எழுத்தில், "எங்கள் பணியாளர்களின் குழந்தைகள்." அதில் இருக்கிற பதினாலு பேரில் உண்மையிலேயே பணியாளரின் குழந்தை ஒன்றே ஒன்று. மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பது அதுதான்.

ஜெயசுதா என் முகத்தைப் பார்த்துவிட்டு மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா மகளும் இல்ல, ஒருத்தியும் இல்லடி. என் பொண்ணுதான். நாலு வயசாகுது. எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நானும் இல்லைன்னுதான் எழுதினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம லைன்ல இன்னும் யார் யாருன்னு எனக்குத் தெரியும். ஹாஸ்டல்ல போன்ல தாலாட்டுப் பாடறது எல்லாருக்கும்தான் கேக்கும்" என்றாள்.

மூன்று மணிக்கு பிரவீணா மேடம் கூப்பிட்டார். மேசையில் என் நிரந்தர ஆர்டர், கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து. கூடவே பி.எஃப். நியமனப் படிவம். நான் செத்துப்போனால் பணம் யாருக்கு என்று கேட்கிற படிவம். குடும்ப விவரத்தில் மறுபடியும் அதே கட்டம்.

பேனாவை எடுத்தேன். செத்த பிறகும் எனக்குக் குழந்தை இல்லை என்றா எழுதுவது? "தன்ஷிகா, மகள், 1 வயது 9 மாதம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் படித்தார். "என்ன இது?"

"என்ற கொழந்தைங்க மேடம். வெளிய போர்டுல போட்டோ இருக்குது. நீங்ககூட டாட்டா சொன்னீங்க."

மேடம் முகம் வெளுத்துவிட்டது. "இன்டர்வியூல பொய் சொல்லியிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"தெரியுமுங்க. நான் சொன்னதும் பொய்யி, அந்த ரூமும் பொய்யி. அந்த ரூமு நெசமா இருந்திருந்தா நான் ஏனுங்க பொய் சொல்றேன்?"

அவர் ஆர்டரை எடுத்து டிராயருக்குள் போட்டார். "திங்கட்கிழமை வந்து கணக்கு முடிச்சுக்கோங்க" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சேரி உடு, ஒரு லோடு சேத்தி ஓட்டிக்கறேன்" என்றார். மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருக்கிற மனிதர். எனக்கு இந்த வேலை வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

கணக்கு முடிக்கத்தான் போனேன். தன்ஷியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

கேட்டுக்கு வெளியே ஜெயசுதா நின்றிருந்தாள். கையில் ஒரு பெண் குழந்தை, தூக்கக் கலக்கத்தில். எனக்குக் கணக்கு முடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சனிக்கிழமையே ஆத்தூருக்குப் பஸ் ஏறிக் கூட்டி வந்துவிட்டாளாம். அவளுக்குப் பின்னால் பி லைன் பெண்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு குழந்தை. ஒருத்தியிடம் இரண்டு. நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். ஒருத்திக்கும் குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது.

வாட்ச்மேன் உள்ளே போன் போட்டார். மயில்சாமி அண்ணன் ஓடி வந்தார். "என்னம்மா இது, தேர்த்திருவிழாவா? லைன்ல ஓவர்லாக்கு ஏழு மிஷினு சும்மா நிக்குது. வெள்ளிக்கெழம கப்பல்!" என்றார். யாரும் நகரவில்லை. அவர் குழந்தைகளை எண்ணினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டார்.

பிரவீணா மேடம் ஏழு பேருடைய ஃபைலோடும் வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, "இல்லை, இல்லை, இல்லைன்னுதான் எழுதியிருக்கு. ஏழு பேரையும் அனுப்பிட்டு வேற ஆள் எடுக்க எனக்கு ரெண்டு நாள் போதும்" என்றார். இரண்டு நாளில் முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மனிதர்கள் வீம்புக்குச் செய்வார்கள். என்னால் இன்னும் ஆறு பேர் வேலை போகப் போகிறது என்று நினைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தில் இருந்ததிலேயே சின்னக் குழந்தை, போன மாதம் சேர்ந்தவளுடையது, ஆறு ஏழு மாதம் இருக்கும், பசியில் அழ ஆரம்பித்தது. தாய் தட்டிக்கொடுத்தும் நிற்கவில்லை. பச்சைக்குழந்தையின் அழுகை.

மேடம் பேச்சை நிறுத்தினார். சட்டென்று ஃபைல்களை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அவருடைய சுடிதார் மேல்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால். எந்தக் குழந்தை அழுதாலும் சுரக்கும். பெற்று ஒரு வருஷம் ஆகாதவளுக்குத்தான் அப்படி வரும். எனக்கும் இதே ஷெட்டில் வந்திருக்கிறது, ஷாலை இழுத்து மூடிக்கொண்டு தைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். அவரும் அந்தக் கட்டத்தில் இல்லை என்றுதான் எழுதியிருப்பார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மயில்சாமி, அந்தப் பெட்டிங்களை வெளிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். "அடுத்த ஆடிட் வர்றவரைக்கும் நடக்கட்டும். அதுக்கப்புறம் எம்.டி. என்ன சொல்றாரோ தெரியாது. எல்லாரும் புது ஃபாரம் எழுதிக் கொடுங்க." என் ஆர்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கும் முடிக்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போய்த் தன்ஷியைப் பார்த்தேன். விரிப்பு இல்லை, ஊஞ்சல் இல்லை, வெறும் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார வைத்திருந்தார்கள். ஆயா என்று கேண்டீன் அம்மாவை அனுப்பியிருந்தார்கள். குழந்தைகள் எட்டுப் பேரும் நூல்கோனை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு மேடம் ஷாலைப் போர்த்திக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பாத்ரூம் பக்கம் போனார், பால் கட்டியிருக்கும். ஜெயசுதா, "எங்கடி ஓடறா அவ?" என்றாள். முகம் கழுவப் போகிறாராக இருக்கும் என்று சொன்னேன். காலையில் பார்த்ததை அவளிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தம்மாவுக்கும் வேலை போய்விடக் கூடாது.